சல்லடையில் நிற்காத அளவு

போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரத்தில் ஒரு மில்லிமீட்டருக்குக் காசு உண்டு. துளையிட்ட சல்லடையில் காயைக் கொட்டி ஆட்டினால் சின்னது கீழே விழும், பெரியது மேலே நிற்கும். எட்டு எம்எம் துளையில் விழாமல் நின்றது 'எட்டு எம்எம் போல்டு'. அதற்கு ஒரு விலை. ஏழில் நின்றதற்கு வேறு விலை. நிறம், எடை, காய்ந்த பதம் எல்லாம் பார்ப்பார்கள்தான். ஆனால் அளவில் தகராறு வந்தால் தீர்த்துவைக்கச் சல்லடை இருக்கிறது.

நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏல மையத்தில் வாய்விட்டு விலை கேட்ட காலம் போய்விட்டது. மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, கணினித் திரையில் ஏறுகிற விலைமேல் கண்ணை வைத்து பொத்தானை அழுத்துகிறார்கள். 2021இல் இந்த ஏலம் மேகக்கணினிக்கு மாறியது. போடியில் இருப்பவரும் மலைக்கு மேலே இடுக்கி மாவட்டம் புற்றடியில் இருப்பவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்கலாம்.

அப்படி விலை கேட்கும் வியாபாரி ஒருவரின் சட்டைப் பையில் இருக்கும் கைபேசி கொஞ்சம் விலை கூடியதென்றால் அதன் விளம்பரத்தில் '3 நானோமீட்டர் சிப்' என்று போட்டிருப்பார்கள். எட்டு எம்எம் என்பது 80 லட்சம் நானோமீட்டர். மூன்று நானோமீட்டர் என்றால் சிலிக்கான் அணுக்கள் பதினைந்துக்கும் குறைவாகவே வரிசை கட்டும். அவ்வளவு சிறியதாக அந்தச் சிப்பில் என்ன இருக்கிறது?

ஒன்றும் இல்லை. உலக அளவில் சிப் துறைக்கான வழிகாட்டி வரைபடம் தயாரிக்கும் ஐஆர்டிஎஸ் அமைப்பு, '3 நானோமீட்டர்' தலைமுறைக்குச் சொன்ன கணக்கு இது: அடுத்தடுத்த இரண்டு டிரான்சிஸ்டர் கேட்டுகளுக்கு (அவை என்ன என்று பின்னால் வரும்) நடுவே 48 நானோமீட்டர், மிக நெருக்கமான உலோகக் கம்பிகள் இரண்டுக்கு நடுவே 24 நானோமீட்டர். மூன்று என்ற எண் எங்கும் வரவில்லை. 1990களின் நடுப்பகுதி வரை பெயரும் அளவும் ஓரளவு ஒத்துப்போயின. 350 நானோமீட்டர் என்றால் கேட்டின் நீளம் ஏறத்தாழ அதுவே. பிறகு பெயர் தன் வழியில் போய்விட்டது. போன தலைமுறையைவிட இது அடர்த்தி என்பதற்கு மேல் இன்றைக்கு அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. போடிச் சந்தையில் இப்படி எண் சொன்னால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பெயர் பொய் என்பதால் பொருளும் பொய் என்று நினைத்துவிடக் கூடாது. 48 நானோமீட்டரே வியப்பான அளவுதான். ஓர் எட்டு எம்எம் காயின் குறுக்களவில் அந்த இடைவெளியில் ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் கேட்டுகளை நிறுத்தலாம். இவ்வளவு நுண்ணிய கோடுகளை எழுத 13.5 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி வேண்டும். காற்றே அந்த ஒளியைக் குடித்துவிடும் என்பதால் எல்லாம் வெற்றிடத்துக்குள் நடக்கிறது. கண்ணாடி வில்லையும் அதைக் குடித்துவிடும். ஆடிகளை வைத்தே ஒளியைக் குவிக்கிறார்கள். உருகிய வெள்ளீயத் துளிகள்மேல் வினாடிக்கு 50,000 முறை லேசரைப் பாய்ச்சித்தான் அந்த ஒளியே பிறக்கிறது. இதைச் செய்யும் எந்திரத்தை விற்பது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் மட்டும்.

டிரான்சிஸ்டர் என்பது ஒரு சுவிட்ச். மின்சாரம் போகும் பாதை ஒன்று. அதன்மேல் கேட் என்ற உலோகம். இரண்டுக்கும் நடுவே மெல்லிய காப்பு அடுக்கு. கேட்டில் மின்னழுத்தம் கொடுத்தால் பாதை திறக்கும், எடுத்தால் மூடும். கேட்டுக்கும் பாதைக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. ஆனால் கேட்டின் பிடி இறுக வேண்டுமென்றால் காப்பு அடுக்கு மெலிய வேண்டும். 2003 வாக்கில் இந்த அடுக்கு 1.2 நானோமீட்டருக்கு வந்துவிட்டது, அதாவது ஐந்தாறு அணு கனம். அந்தக் கனத்தில் சுவர் சுவராக இருப்பதில்லை. எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்வதால் சுவருக்கு அந்தப் பக்கமும் அதன் சாயல் கொஞ்சம் தொடும், அப்படியே கடந்தும்விடும். மூடிய சுவிட்ச் கசிந்தது, சிப் சூடேறியது. 2007இல் இன்டெல் சிலிக்கான் ஆக்சைடை விட்டுவிட்டு ஹாஃப்னியம் கலந்த காப்புப் பொருளுக்குப் போனது. அந்தப் பொருளைத் தடிமனாக வைத்தாலும் கேட்டின் பிடி தளராது. அடுத்து, படுத்திருந்த பாதையை நிமிர்த்தி மூன்று பக்கமும் கேட்டைச் சுற்றினார்கள். இப்போது நான்கு பக்கமும் சுற்றுகிறார்கள். சிப்பைச் சிறிதாக்கிய கதை என்று நாம் கேட்பதில் பாதிக்கு மேல் இந்தக் கசிவோடு மல்லுக்கட்டிய கதைதான்.

இதே கசிவை வேண்டுமென்றே வரவழைத்து வேலை வாங்கும் இடமும் உண்டு. கைபேசியைவிட அது நன்றாகத் தெரிவது தோட்டத்து மோட்டார் கொட்டகையில்.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழை, தென்னை, திராட்சை என்று எதை வைத்திருந்தாலும் கிணற்றிலோ போர்வெல்லிலோ ஒரு மோட்டார் இருக்கும். விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் நம் வசதிக்கு வருவதில்லை. நடுச்சாமத்தில் வந்தால் எழுந்து போய்ப் போட வேண்டும். பாம்பும் பன்றியும் உள்ள வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு போவது ஒரு தலைமுறையின் பாடு. 'செல் ஸ்டார்ட்டர்' வந்து அதை மாற்றியது. சிம் போட்ட ஒரு பெட்டி. கரண்டு வந்தால் குறுஞ்செய்தி அனுப்பும். நாம் கூப்பிட்டால் எடுத்து, ஓட்ட ஓர் எண்ணும் நிறுத்த ஓர் எண்ணும் அழுத்தச் சொல்லும். கிணறு வற்றினால் தானே நிறுத்திக்கொள்ளும்.

அந்தப் பெட்டி யார் கூப்பிட்டாலும் மோட்டாரைப் போட்டுவிடாது. முதலில் பதிந்துவைத்த எண்களுக்கு மட்டும்தான் கட்டுப்படும். கரண்டு போய், உள்ளே பேட்டரியும் இறங்கி, ஒரு வாரம் கிடந்தாலும் அந்த எண் அழிவதில்லை. மின்சாரமே இல்லாமல் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கட்டுப்பாட்டுச் சிப்புக்குள், டிரான்சிஸ்டரின் கேட்டுக்கும் பாதைக்கும் நடுவே எதோடும் ஒட்டாமல் இன்னொரு கேட்டைப் புதைத்திருப்பார்கள். நாலாபுறமும் காப்புப் பொருள், ஒரு கம்பிகூட அதற்குப் போகாது. மிதக்கும் கேட் என்று பெயர். இதை 1967இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங், சைமன் சே இருவரும் முன்வைத்தார்கள். கீழ்ப்பக்கக் காப்பு எட்டு நானோமீட்டர் போல இருக்கும், முப்பது அணு அடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். சாதாரண வோல்டேஜில் அது கெட்டிச் சுவர். மேல் கேட்டுக்குப் பதினைந்து இருபது வோல்ட் கொடுத்தால், சுவர்மேல் விழும் அதன் பங்கில் எலக்ட்ரான்களுக்கு அந்தச் சுவர் மெலிந்ததுபோல் ஆகி, ஊடுருவி உள்ளே போய்விடும். வோல்டேஜை எடுத்ததும் சுவர் மறுபடி கெட்டி. உள்ளே போனவை மாட்டிக்கொள்ளும். எலக்ட்ரான் இருந்தால் ஒரு விடை, இல்லாவிட்டால் மறு விடை. பத்து இலக்கக் கைபேசி எண்ணை இப்படிப்பட்ட சில டஜன் அறைகளில் எழுதிவிடலாம். பத்து இருபது ஆண்டுக்குக் கசியாது என்று தயாரிப்பாளர்கள் உறுதி தருகிறார்கள். மூன்று அல்லது ஐந்து வோல்டில் ஓடும் சிப் இருபது வோல்டுக்கு எங்கே போகும் என்று கேட்கலாம். தனக்கு வேண்டியதைத் தானே ஏற்றிக்கொள்ளும் சின்னச் சுற்று ஒன்று உள்ளேயே உண்டு.

ஆனால் சுவரைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு முறையும் சுவரில் கொஞ்சம் சேதம். இந்த வகை நினைவகத்துக்கு ஒரே இடத்தில் ஒரு லட்சம் முறை எழுதலாம் என்பது பொதுவான வரையறை. கேட்பதற்கு நிறையத்தான். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில் எழுதும்படி நிரல் எழுதிவிட்டால் என்ன ஆகும்? நாளுக்கு ஆறு மணி நேரம் ஓடினால் 360 எழுத்து. ஒன்பது மாதத்தில் லட்சம் தீர்ந்துவிடும். அதனால் விவரம் தெரிந்த வடிவமைப்பாளர் ஒரே இடத்தில் எழுதாமல் இடம் மாற்றி மாற்றி எழுதவைப்பார். விலை மலிவான பெட்டி சீக்கிரம் புத்தி மாறாட்டம் காட்டினால், கெட்டது சிப்பாக இருக்க வேண்டியதில்லை. நிரல் எழுதியவரின் கஞ்சத்தனமாகவும் இருக்கலாம்.

உண்மையில் பழுதுபார்க்கும் கடைக்கு வரும் பெட்டிகளில் நானோ சமாச்சாரம் கெட்டது குறைவு. சின்னமனூர்ப் பக்கம் ஒரு கடையில் காதில் விழுந்த பேச்சு:

"தம்பி, நம்பர் அழிஞ்சுபோச்சா? போன் போட்டா மோட்டார் எடுக்கலையே."

"நம்பரெல்லாம் பத்திரமா இருக்குண்ணே. ரிலே ஒட்டிக்கிருச்சு, கெப்பாசிட்டரும் உப்பிப்போய்க் கெடக்கு. மாத்திட்டா ஓடிரும்."

ரிலே என்பது கண்ணுக்குத் தெரியும் இரும்பும் செம்பும். எறும்பு புகுவதும் பல்லி விழுந்து கருகுவதும் அங்கேதான். எட்டு நானோமீட்டர்ச் சுவர் பாட்டுக்கு நிற்கிறது.

அது விழுவது ஐப்பசி இடியில். சிலிக்கான் ஆக்சைடு, ஒரு நானோமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு வோல்ட் வரைதான் தாங்கும். அதே பொருள் கையகலக் கனத்தில் இருந்தால் மலைப்பான வோல்டேஜையும் தாங்கியிருக்கும். ஏழு நானோமீட்டர் என்றால் ஏழெட்டு வோல்டில் உடைந்துவிடும், உடைந்தால் ஒட்டாது. மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கம் மின்னல் வெட்டும்போது லைனில் ஏறிவருவது நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான வோல்ட். காய்ந்த காற்றில் நைலான் சட்டை உரசிய விரலில்கூட ஆயிரம் வோல்டுக்கு மேல் நிலைமின்சாரம் நிற்கும். சிப்பின் ஒவ்வொரு காலிலும் காவலுக்கு ஒரு டயோடு வைப்பதும், பெட்டியின் வாயிலில் மிகை வோல்டேஜைத் தரைக்குத் திருப்பும் 'எம்ஓவி' வில்லை வைப்பதும் இதற்காக. செல் ஸ்டார்ட்டர் வாங்குபவர் மூடியைக் கழற்றச் சொல்லி அந்த வில்லை இருக்கிறதா என்று பார்ப்பது, சிப் எந்தத் தலைமுறை என்று கேட்பதைவிட நூறு மடங்கு பயன் தரும்.

தலைமுறையைச் சொல்வதென்றால், இந்தப் பெட்டிகளில் இருக்கும் வகைக் கட்டுப்பாட்டுச் சிப்புகள் பெரும்பாலும் 90, 130, 180 நானோமீட்டர் காலத்தவை. மோட்டாரைப் போடு, நிறுத்து, மூன்று முனையும் வருகிறதா பார் என்ற வேலைக்கு அது தாராளம். இன்னும் சிறிதாக்கினால் சுவர் மெலியும், இடிக்குப் பயம் கூடும், விலையும் ஏறும்.

அளவு வெறும் பெயராக இல்லாமல் அளவாகவே நிற்கும் இடமும் இருக்கிறது: ஒளி. கைபேசி டார்ச்சின் வெள்ளை ஒளி பிறக்கும்போது நீலம். மேலே பூசிய மஞ்சள் பொடி அதை வெள்ளையாக்குகிறது. அந்த நீலம் வருவது இண்டியம் காலியம் நைட்ரைடு என்ற பொருளின், மூன்று நானோமீட்டர் போன்ற கனமுள்ள அடுக்கிலிருந்து. எலக்ட்ரானை அந்த ஒடுக்கத்துக்குள் அடைத்துவைத்தால்தான் அது வெப்பமாக வீணாகாமல் ஒளியாக வெளிப்படுகிறது. அடுக்கின் கனம் மாறினால் நிறமும் நகரும். இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது இந்த நீலத்துக்காக.

இன்னும் கறாரான அளவு, தொலைக்காட்சிக் கடைகளில் 'கியூஎல்இடி' என்று விற்பதில் உள்ள குவாண்டம் புள்ளிகளில். காட்மியம் செலினைடு படிகத்துகள் இரண்டு, மூன்று நானோமீட்டர் இருந்தால் நீலம், பச்சைப் பக்கம் ஒளிரும். ஐந்து, ஆறு இருந்தால் சிவப்பு. பொருள் ஒன்றேதான், அளவுதான் நிறம். எனவே எல்லாத் துகளும் ஒரே அளவில் விளைந்தாக வேண்டும். கலந்துவிட்டால் நிறம் மங்கிவிடும். சோவியத் ஒன்றியத்தில் அலெக்சி எகிமோவ் கண்ணாடிக்குள்ளும், அமெரிக்காவில் லூயிஸ் புரூஸ் கரைசலிலும் 1980களின் தொடக்கத்தில் இந்த விளைவைக் கண்டார்கள். ஒரே அளவில் விளைவிக்கும் பக்குவத்தை 1993இல் மவுங்கி பாவெண்டி குழு கொண்டுவந்தது: சூடான கரைசலுக்குள் மூலப்பொருளை ஒரே மூச்சில் பாய்ச்சி, எல்லாப் படிகமும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக வளரும்படி செய்தார்கள். மூவருக்கும் 2023இல் வேதியியல் நோபல். காட்மியம் நச்சு என்பதால் இப்போது பல தொலைக்காட்சிகளில் இண்டியம் பாஸ்பைடு. இங்கே ஒரு நானோமீட்டருக்கு உண்மையிலேயே காசு உண்டு.

போடி ஏலத்துக்கு ஒரு நடை திரும்பலாம். கேட்ட விலை, லாட் எண், யார் பெயரில் முடிந்தது என்பதெல்லாம் எங்கோ ஒரு தரவு மையத்தின் நினைவகத்தில் ஏறுகிறது. செல் ஸ்டார்ட்டரில் பார்த்த அதே மிதக்கும் கேட்டின் பேரப்பிள்ளைதான் அங்கும். 1980களில் தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா அதை 'ஃபிளாஷ்' ஆக்கினார். பின்னர் இடம் போதாமல் செங்குத்தாக அடுக்கத் தொடங்கி இன்று 200 அடுக்குக்கு மேல் போய்விட்டார்கள். ஓர் அறையில் எலக்ட்ரான் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்பதில்லை, எவ்வளவு இருக்கிறது என்று எட்டு அல்லது பதினாறு படிகளாகப் பிரித்து வாசிக்கிறார்கள். படி கூடக் கூட ஆயுள் குறையும். மலிவான பென்டிரைவ் சீக்கிரம் செத்துப்போக இதுவும் காரணம்.

தேனி மாவட்டத்தில் 'நானோ' என்றால் சிலருக்கு நினைவுக்கு வருவது நானோமீட்டர் அல்ல, நானோவினாடி. போடி மேற்கு மலையில் பொட்டிபுரத்துக்குப் பக்கத்தில் குடைவதாக இருந்த நியூட்ரினோ ஆய்வகத்தின் கருவி, 50,000 டன் இரும்புத் தகடுகளுக்கு நடுவே சுமார் 29,000 கண்ணாடி உணரிகளைச் செருகுவதாகத் திட்டமிட்டது. துகள் மேலிருந்து வந்ததா, பூமியைத் துளைத்துக் கீழிருந்து வந்ததா என்று அது சொல்ல வேண்டும். ஒரு நானோவினாடியில் ஒளி போவது 30 சென்டிமீட்டர். பதினான்கு மீட்டர் உயரக் கருவியைத் துகள் கடக்க ஐம்பது நானோவினாடிகூட ஆகாது. எந்தத் தகடு முதலில் சிலிர்த்தது என்பதை நானோவினாடிக் கணக்கில் பிரித்தறிய வேண்டும். அந்தத் துடிப்புகளைப் பிடிக்க பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த 'அணுஸ்பர்ஷ்' சிப் எந்தத் தலைமுறை தெரியுமா? 350 நானோமீட்டர். அரதப் பழசு என்று கைபேசிக் கடைக்காரர் சிரிப்பார். பலவீனமான துடிப்பைச் சத்தமில்லாமல் பெருக்கித் தருவதற்குப் பெரிய டிரான்சிஸ்டர்தான் தோது. புலிகளின் வழித்தடத்தையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் காரணம் காட்டி, திட்டத்துக்கு இடம் தர முடியாது என்று 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மதுரையில் 85 டன் மாதிரிக் கருவி மட்டும் இருக்கிறது. மலையைக் குடைய வேண்டாம் என்றவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கருவியைச் செய்தவர்களின் கைப்பக்குவம் வேறு விஷயம்.

அந்தப் 'பழசு'களில்தான் இந்தியாவின் கையும் பழகியிருக்கிறது. சென்னை ஐஐடியில் காமகோடி தலைமையிலான குழு வடிவமைத்த 'சக்தி' செயலி 2018இல் இரண்டு முறை சிப்பானது. ஒன்று அமெரிக்காவில் இன்டெல்லின் 22 நானோமீட்டர் ஆலையில். மற்றொன்று பஞ்சாபின் மொகாலியில் உள்ள அரசு செமிகண்டக்டர் ஆலையில், 180 நானோமீட்டரில். மொகாலி ஆலை 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்து, எழுந்து வர ஆண்டுகள் பிடித்தன. இன்றும் 180க்குக் கீழே அது இறங்கவில்லை. ஆனால் 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைத்த 'விக்ரம் 3201' ராக்கெட் செயலி அங்கேதான் தயாரானது. விண்வெளியில் பாயும் கதிர்வீச்சுத் துகள் ஒன்று, சின்ன டிரான்சிஸ்டரில் இருக்கும் கொஞ்சூண்டு மின்னூட்டத்தைத் தட்டிக் கவிழ்த்துவிடும். பெரியதைக் கவிழ்ப்பது அவ்வளவு எளிதல்ல. ராக்கெட்டுக்கு 3 நானோமீட்டர் வேண்டியதில்லை என்பது இல்லாததைச் சமாளிக்கும் பேச்சு அல்ல. மற்ற நாடுகளின் விண்கலங்களிலும் பழைய தலைமுறைச் சிப்புகள்தான் பெரிதும் பறக்கின்றன.

2021இல் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்து, கார்கள் ஆலைகளில் தேங்கி நின்றபோது பெரும்பாலும் கிடைக்காமல் போனதும் இந்த வகைச் சிப்புகளே. லாபம் குறைவு என்று யாரும் புதிய ஆலை கட்டவில்லை. கண்ணாடியை ஏற்றி இறக்கும் சின்னச் சிப் இல்லாமல் லட்சக்கணக்கான ரூபாய்க் கார் நகரவில்லை. குஜராத்தின் தொலேராவில் டாடா, தைவான் நிறுவனத்தோடு சேர்ந்து கட்டும் ஆலை குறிவைப்பது 28 முதல் 110 நானோமீட்டர் வரை. 'உலகமே மூன்றுக்குப் போய்விட்டது, நாம் 28இல் தொடங்குகிறோமே' என்று அங்கலாய்ப்பவர்கள், தங்கள் வீட்டு வாஷிங் மெஷினையும் ஸ்கூட்டரையும் திறந்து பார்த்ததில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடியும் இஸ்ரோவும் அறிவித்த 'ஐரிஸ்' சிப்பின் பயணத்தைப் பாருங்கள். வடிவமைப்பு சென்னையில், சில்லு மொகாலியில், அதற்கு உறை போட்டது கர்நாடகத்தில், பலகை குஜராத்தில், பலகையில் பொருத்தியது மறுபடி சென்னையில். விண்கலக் கட்டுப்பாட்டுக்கென்று செய்தது. மும்முனை மின்சாரம் வந்ததா என்று பார்த்து ஒரு மோட்டாரைப் போட அதற்குத் தெம்பு தாராளமாக உண்டு. நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் இறக்குமதிச் சிப்போடு விலையில் போட்டிபோடத்தான் இப்போதைக்கு அதனால் முடியாது.